அட்டைக்கட்டு மேஜை

அமெரிக்காவில் நான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்த என் தம்பி, அங்கே அலுவலகத்தில் பார்த்த ஒரு மேஜையைப் பற்றிப் போன வாரம் போனில் சொன்னான். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் மேஜை அப்படியே மேலே எழும்புமாம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் உடம்புக்கு ஆகாது என்று பாதி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறார்களாம்.

"ஆபீஸே பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருந்துச்சிக்கா" என்றான்.

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அப்படி ஒரு மேஜை என்னிடமும் இருந்தது. ஆரணியில், ஒரு பட்டுக்கடையின் மாடியில், என் மகள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது. அதற்குப் பொத்தான் கிடையாது. உயரம் போதவில்லை என்றால் இன்னொரு அட்டைக்கட்டை அடியில் செருக வேண்டும்.

நான் பார்த்த வேலையை என் மாமியார் "கம்ப்யூட்டர்ல பூ போடற வேலை" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. புடவைக் கரையில் வரும் அன்னம், மாங்காய், ருத்ராட்சம் எல்லாவற்றையும் முன்பு கட்டம் போட்ட பெரிய காகிதத்தில் கையால் வரைவார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். அட்டைகளைக் கோத்துத் தறியின் மேல் ஏற்றினால், துளைக்குத் தகுந்தபடி இழை தூக்கும், பூ விழும். இரண்டாயிரம் பிறந்த பிறகு எங்கள் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பி.எஸ்ஸி.யும் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வைத்திருந்த என்னை வேலைக்கு எடுத்தார். காகிதத்தில் வரைந்துகொண்டிருந்ததை நான் திரையில் வரைந்தேன். ஒரு கட்டம் தவறினால் போதும், அந்தத் தவறு புடவையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கும் என்னைப் போன்றவளுக்கு ஏற்ற வேலை.

மாடியறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜன்னலோரம் நான். எதிர்ச்சுவர் ஓரம் அட்டைக்குத் துளை போடும் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருஷமாக அதே வேலை. துளைக்கும் சத்தத்தின் நடுவே தனக்குத்தானே பேசிக்கொள்வார். சில சமயம் அது எனக்குச் சொல்வது போலவும் இருக்கும். இருவருக்கும் இடைப்பட்ட பக்கச்சுவர் முழுக்கப் பழைய டிசைன்களின் அட்டைக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுத் தொங்கியபடி அடுக்கியிருக்கும். மழைக்காலத்தில் அந்த அட்டைகளிலிருந்து வரும் வாசனை, நனைந்த பாடப்புத்தகத்தின் வாசனை. இப்போதும் மகளின் பழைய நோட்டுகளை எடுத்து வைக்கும்போது அது வந்து போகிறது.

பிரசவத்துக்குத் தேவிகாபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய், ஆறாம் மாதம் திரும்பி வந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த பத்தாம் நாள் முதுகு வலி ஆரம்பித்தது. நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். ஒரு மணி நேரம் ஆனால் எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டும்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுவதும், வயிற்றையும் இடுப்பையும் துணியால் இறுக்கிக் கட்டுவதும், பத்தியம் பார்ப்பதும் அம்மாவின் வேலை. திரும்பி வந்த மருமகளுக்கு இடுப்பு வலித்தால், அது மருமகளின் இடுப்பைப் பற்றிய பேச்சாக இருக்காது. சம்பந்தியம்மா ஒழுங்காகக் கட்டினாளா, எத்தனை நாள் கட்டினாள் என்று போகும். என் அம்மா நாற்பது நாளும் விடியற்காலையில் எழுந்து வெந்நீர் போட்டவள். அவளை ஒரு விசாரணையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் இருந்தது. வலி என்று சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள். குழந்தை பிறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவேன், திரும்பி வந்து இன்னொரு தரம் பார்ப்பேன். அந்த மாடியறையில் கட்டங்களை எண்ணும் நேரத்தில் மட்டும்தான் அந்தப் பயம் என்னை விட்டிருந்தது. ஒரு தாய் இப்படிச் சொல்லலாமா என்று அப்போதும் யோசித்தேன், இதை எழுதும்போதும் யோசிக்கிறேன். ஆனால் அந்த வேலை போனால் நான் என்ன ஆவேன் என்பதுதான் அன்றைக்கு என்னுடைய பெரிய பயம்.

மதிய இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். படம் எதுவும் எடுக்கச் சொல்லவில்லை. எத்தனை மணி நேரம் உட்காருகிறாய் என்று கேட்டார். ஏழு என்றேன். அரைமணிக்கு ஒரு தரம் எழுந்திருக்க வேண்டும், முடிந்தால் அந்த வேலையையே பாதி நேரம் நின்றுகொண்டு செய்து பார் என்றார். கம்ப்யூட்டரை நின்றுகொண்டா என்று கேட்டேன். நின்றால் கம்ப்யூட்டர் வேண்டாம் என்றா சொல்லும் என்றார்.

மறுநாள் அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் துளைப்பதை நிறுத்திவிட்டு மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு யாரும் இப்போது கேட்காத டிசைன்களாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு கட்டுகளை இறக்கினார். மேஜைமேல் அவற்றை இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, அந்தக் கனத்த மானிட்டரை இருவரும் சேர்ந்து தூக்கி வைத்தோம். முன்னால் கொஞ்சம் தாழ்வாக இன்னொரு அடுக்கு, அதன்மேல் கீபோர்டு. நான் போய் நின்றேன். முழங்கை சரியாகப் பலகைமேல் வந்து உட்கார்ந்தது.

"மொழம் போட்டு அளந்தா மாதிரி கீது தங்கச்சி" என்றார் அண்ணன். "ஒண்ணு மட்டும். அடியில கீற ருத்ராட்சத்த எவனாச்சும் ஆர்டர் குடுத்தா உருவிக்குவேன். அன்னிக்கி நீ நாலு வெரக்கட குனிஞ்சிதான் நிக்கணும்."

ஒரு சின்ன மரக்கட்டையையும் கீழே போட்டுக்கொண்டேன். ஒரு காலை அதன்மேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து அடுத்த காலை மாற்றி வைக்க வேண்டும். அரைமணி நின்று, பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்து அச்செடுத்த காகிதங்களைச் சரிபார்ப்பேன். நான்கே நாளில் அந்தக் கட்டைவிரல் என் முதுகிலிருந்து மெல்லக் கையை எடுத்தது. நின்றால் பால் குறைந்துவிடுமோ என்று மட்டும் ஒரு சந்தேகம். அதை டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன். மறுபடி போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள், வெளியூர் போயிருந்த முதலாளி திரும்பி வந்து மாடியேறினார்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் ஒரு துணித்துண்டு, ஏதாவது ஒரு நிறத்தின் மாதிரி. படியேறி வந்து வாசலில் நின்றவர், நான் நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ஒக்காரும்மா, ஒக்காரு. எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்று அண்ணன் அன்று மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: பெரியவர் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். தொண்ணூறுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாசலில் தெரிந்ததும் நாற்பது பேரும் எழுவோம். அவர் கையைக் கீழே காட்டும்வரை ஒருத்தியும் உட்காரக் கூடாது, காட்டிய பிறகு ஒருத்தியும் நிற்கக் கூடாது. வீட்டிலும் அதுதான். அப்பா குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்வார். பட்டு கொடுக்கும் வியாபாரி வந்தால் அவ்வளவு சீக்கிரம் குழியிலிருந்து ஏற முடியாது. ஆனாலும் இரண்டு கையையும் தரையில் ஊன்றி உடம்பை ஒரு சாண் தூக்குவார். "இருப்பா, இருப்பா" என்பார் அவர். அப்பா மறுபடி உட்காருவார். இருவருக்கும் அதில் ஒரு திருப்தி. ஒரு சாண் தூக்கியதற்கு மேல் அப்பா எழுந்ததை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த ஒரு சாணை அவர் ஒருநாளும் தவறவிட்டதும் இல்லை.

முதலாளி தினமும் இரண்டு தரமாவது மேலே வருவார். ஒவ்வொரு தரமும் நான் நின்றுகொண்டிருப்பேன், அல்லது அவர் காலடிச் சத்தம் கேட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றே இருப்பேன். "ஒக்காரும்மா." உட்காருவேன். உட்கார்ந்தால் கீபோர்டு என் மோவாய்க்கு நேராக இருக்கும். அவர் போகும்வரை கையில் ஏதாவது காகிதத்தை வைத்துப் பார்ப்பது போல இருப்பேன். அட்டைக்கட்டுகள் ஏன் மேஜைமேல் ஏறின என்று அவர் கேட்கவே இல்லை. கரையான் வராமலிருக்க அண்ணன் மேலே வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். இரண்டாம் நாளும் சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள் அவர் கீழே கடையில் யாரிடமோ, படிச்ச பொண்ணு, ஆனாலும் நம்மளப் பாத்தா எழுந்து நிக்குது, சொன்னாத்தான் ஒக்காருது என்று பெருமையாகச் சொன்னது படிக்கட்டு வழியாக மேலே வந்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? உங்களுக்காக நான் நிற்கவில்லை என்று ஒரு பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லாமலே விட்டேன். அவர் அன்பாக உட்காரச் சொல்லச் சொல்ல, நான் உட்காருவது கூடியது. வலி திரும்பி வந்தது.

ஒருநாள் அன்னக்கரை ஒன்றை முடித்து அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, ஒன் அன்னத்துக்கு ரெண்டு கண்ணு கீது. ஒண்ணு நம்மள பாக்குது. இன்னொண்ணு மொதலாளி வராரான்னு படிக்கட்டப் பாக்குதா?"

பக்கவாட்டில் பார்க்கும் அன்னத்துக்கு ஒரு கண்தான். கண்ணுக்கான கட்டத்தை வைத்த நேரத்தில்தான் முதலாளி வந்திருக்கிறார். உட்கார்ந்து, எழுந்து, விட்ட இடம் தெரியாமல் நான்கு கட்டம் தள்ளி இன்னொரு கண்ணை வைத்திருக்கிறேன். மூன்று தரம் சரிபார்த்தும் என் கண்ணில் படவில்லை. அட்டையில் துளையாகியிருந்தால் ஒரு புடவைக்கு நூற்றுக்கணக்கான அன்னங்கள் இரண்டு கண்ணோடு நடந்திருக்கும். அண்ணன் காகிதத்தை என்னிடமே மடித்துக் கொடுத்தார்.

அந்த வாரத்திலேயே மாமியாரும் பார்த்துவிட்டார். எங்கள் வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார். கடைப்பையன் சத்தம் கொடுப்பான், நான் கீழே இறங்கி வந்து பின்கட்டு அறையில் பால் கொடுப்பேன். அன்று கடைப்பையன் இல்லை. மாமியாரே நேராக மாடியேறி வந்தார். நான் ஒரு காலைக் கட்டைமேல் வைத்து நின்று வேலை செய்வதையும், எனக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருப்பதையும் பார்த்தார். குழந்தை பால் குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டியபடி இறங்கிப் போனார்.

சாயங்காலம் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே சொன்னார். "பள்ளிக்கொடத்துல தப்பு பண்ண புள்ளைய நிக்க வெப்பாங்க. கைக்கொழந்தக்காரிய நிக்க வெச்சி வேலை வாங்குற எடம் நமக்கு வேணாம். மாசம் முடிஞ்சா நின்னுக்கோ."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். எனக்காக நான் நிற்கிறேன், முதுகு வலிக்கிறது என்று சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள். யாரும் என்னை நிற்க வைக்கவில்லை என்று மட்டும் சொன்னால் பிறகு ஏன் நின்றாய் என்ற கேள்வி வரும். நான் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

மாசம் முடிய ஒன்பது நாள் இருந்தது. மாமியார் அதுவரை பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குக் குழந்தையோடு வந்தவர் கீழே நிற்காமல் மறுபடி மேலே வந்தார். என் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் இருந்து மானிட்டரின் வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது. நான் அவர் முன்னால் நின்றேன். அந்த நேரம் பார்த்து முதலாளி படியேறி வந்தார்.

வணக்கம் சொல்லி, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு என்னைப் புகழ ஆரம்பித்தார். "ஒங்க மருமகள மாதிரி ஒரு பொண்ண இந்தக் காலத்துல பாக்க முடியாதுமா. என்னப் பாத்தா எழுந்து நின்னுடும். நான் ஒக்காருன்னு சொல்ற வரைக்கும் ஒக்காராது."

மாமியார் நிமிர்ந்தார். "அத நீங்க சொல்லித்தான் ஒக்காரணுமா? பச்ச ஒடம்பு காயறதுக்குள்ள நிக்க வெச்சிட்டு, அப்பால ஒக்காரச் சொல்றது இன்னா மரியாதைங்க?"

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த துணித்துண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அண்ணனின் துளைக்கும் சத்தம் நின்றிருந்தது. நான் எதைச் சொல்லலாம் என்று தேடினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பொய் கிடைக்கவில்லை.

"நான் ஒங்களுக்காக நிக்கல சார்" என்றேன். "எனக்கு முதுகு வலி. ஒக்காந்தா தாங்க முடியல. டாக்டர் நின்னுகினு வேலை செய்யச் சொன்னாங்க. இந்த மேஜைய நானாத்தான் பண்ணிக்கினேன். அத்தை, யாரும் என்ன நிக்க வெக்கல."

சொல்லி முடித்த பிறகும் என் கண் கீபோர்டிலேயே இருந்தது. முதலாளி அட்டைக்கட்டுகளை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். கட்டில் தொங்கிய ஒரு சீட்டைத் திருப்பிப் படித்தார். பிறகு, "அப்ப நான் ஒக்காரச் சொல்லும்போதெல்லாம் ஒனக்கு வலிச்சிதா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவர் அந்தச் சீட்டைக் கையிலிருந்து விட்டார். இறங்கிப் போய்விட்டார்.

மாமியார் சொல்வார் என்று நான் பயந்ததைச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், வேறெதுவும் கேட்பதற்கு முன்னால்: "ஒங்கம்மா எத்தினி நாள் கட்டுனாங்க?" நாற்பது நாள் என்றேன். நாற்பது நாள் கட்டினால் ஏன் வலிக்கிறது என்றார். அந்தக் கேள்வி தேவிகாபுரம் வரை போய்த் திரும்பி வந்தது. அம்மா இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் கோழைத்தனம் காப்பாற்றிவைத்திருந்ததை என் வாயே உடைத்தது என்று நான் அழுததுண்டு. ஆனால் வேலையை விடச் சொன்ன பேச்சு அதோடு நின்றது. நிற்க வைத்தவர் யாரும் இல்லை என்றான பிறகு மாமியாருக்குக் கோபப்பட அங்கே ஆள் இல்லை. மறுநாள் காலை பதினொன்றுக்குக் குழந்தையோடு வந்தவர், பழைய புடவை ஒன்றை நான்காக மடித்து என் காலடியில் போட்டுவிட்டு, வெறும் தரையில் நிற்காதே என்றார்.

முதலாளி இரண்டு நாள் மாடிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். வாசலில் நின்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் உதடு பழக்கத்தில் அசைந்தது, ஆனால் வார்த்தை வரவில்லை. நிறத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் ஒருநாளும் என்னை உட்காரச் சொன்னதில்லை. அந்த அட்டைக்கட்டுகளின் மேல் நான் இன்னும் மூன்று வருஷம் வேலை செய்தேன். எத்தனை கரை வரைந்தேன் என்று கணக்கில்லை. நடுவில் ஒருமுறை ருத்ராட்சத்துக்கு ஆர்டர் வந்தது. அண்ணன் சொன்னபடி அடியிலிருந்த அட்டைக்கட்டை உருவினார். ஒரு வாரம் குனிந்து நின்றேன்.

மகளைப் பள்ளியில் சேர்த்த வருஷம், கணவரின் வேலை காரணமாக நாங்கள் வேலூருக்கு மாற வேண்டி வந்தது. கடைசி நாள் மதியம் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து என் பொருட்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். முதுகு வலி போய் வெகுநாள் ஆகியிருந்தது. முதலாளி படியேறி வந்தார். இந்த முறை அவருக்காகவே எழுந்தேன், முழுசாக எழுந்து நின்றேன்.

அவர் என்னையும் நாற்காலியையும் பார்த்தார். "என்னம்மா, மறுபடியும் முதுகா?" என்றார்.

இல்லை சார், உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நம்புவாரா, பழையதைக் குத்திக் காட்டுவது போல ஆகுமா என்று யோசித்தேன். அந்த யோசனை முடிவதற்குள், "கொஞ்சம் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப நின்னுக்கோம்மா" என்றார் அவர். என் நாற்காலியைத் தள்ளிப் போட்டுத் தானும் உட்காராமல், எனக்கு எதிரில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்.